சுரங்கத்தில் தொங்கிய சாரம்

ஜெர்மனியின் பழைய நிலக்கரி ஊர்களுக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அப்படி ஓர் ஊருக்கு நான் ஒரே ஒரு தடவை போனேன், 1976 கார்த்திகையில். ஊர் பார்க்கப் போகவில்லை. கப்பலில் வந்து இறங்கி அங்கே சுரங்க வேலைக்குச் சேர்ந்த என் கணவர், அந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அவர் இடுப்பில் கட்டுகிற சாரம், உங்களில் சிலருக்கு லுங்கி, சுரங்கத்துக் குளியல் மண்டபத்தில் இருந்தது. சுரங்கத்தை மூடுகிறார்கள், மிச்ச உடுப்புகளை எறியப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கிழமை நாட்களில் அவர் சுரங்க விடுதியில் தங்கி, வெள்ளிக்கிழமைதான் ஹம் நகரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவார். தொடக்கத்தில் முதுகு கரியாகவே வரும். கை எட்டாத இடமல்லவா, சனி காலையில் நான் தேய்த்துவிடுவேன். சில மாதம் கழித்து முதுகு சுத்தமாக வரத் தொடங்கியது. யார் தேய்த்தது என்று நான் கேட்கவில்லை. அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

ஹம்மில் காலை 8.12க்கு ரயில். டோர்ட்மூண்டில் மாறவேண்டும். எல்லாமாக ஐம்பது கிலோமீற்றர், ஒன்றரை மணி நேரம், போகவரப் பதினான்கு மார்க். என் ஜெர்மன் கடைக்குப் போய்வரத்தான் காணும் என்பதால் காதர் அண்ணையை வரச் சொல்லியிருந்தேன். ஆஹென் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற இந்தியத் தமிழர், என் கணவரோடு ரயிலில் பழகியவர். டோர்ட்மூண்ட் மேடையில் குடையோடு நின்றார்.

ஊர் ஸ்டேஷனிலிருந்து சுரங்கத்துக்கு இருபது நிமிட நடை. மழை விடவில்லை. முதல் குழியைத் தோண்டியது ஓர் அயர்லாந்துக்காரராம். அதன் பிறகு தோண்டித் தோண்டி, மேலே நிலமே இறங்கிவிட்டது. வரிசையாகச் செங்கல் வீடுகள், சுவர்களில் வெடிப்பு, ஒரு வீட்டில் வாசலே சரிந்து நின்றது. பின்வளவுகளில் புறாக்கூடுகள். இறைச்சிக் கடை பூட்டு, தையல் கடையும் பூட்டு.

"இளசுங்க எல்லாம் கார் ஃபாக்டரிக்குப் போயிட்டாங்களாம்," என்றார் காதர் அண்ணை.

குளியல் மண்டபம் நல்ல உயரம். ஆளுக்கொரு சங்கிலி, அதில் ஒரு கொக்கி. உடுப்பை மாட்டிக் கூரைக்கு இழுத்து ஏற்றிவிட்டு, கீழே சங்கிலியைப் பூட்டிவிடுவார்கள். மேலே சூட்டில் காயும். நான் போனபோது முக்கால்வாசிக் கொக்கி வெறுமை. மிச்சத்தில் தொங்கியவை, குறை நினைக்கவேண்டாம், தூக்குப்போட்ட ஆட்களைப் போலத்தான் தெரிந்தன.

ஹைன்ஸ் என்ற வயதான தொழிலாளி எங்களைக் கூட்டிப்போனார். என் கணவருடைய பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. நான் பூட்டைத் திறக்க, அவர் சங்கிலியை மெல்ல விட்டார். நீலக் கட்டம் போட்ட சாரம் இறங்கி வந்தது. ஹைன்ஸ் ஏதோ சொல்லிச் சிரித்தார். காதர் அண்ணை தன் குடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னவாம் அண்ணை?"

"அது வந்து தங்கச்சி... இங்க எல்லாரும் ஒண்ணாத்தான் குளிப்பாங்களாம். துணி இல்லாம."

"சொல்லுங்கோ. நான் கலியாணம் கட்டின மனிசி."

"உங்க வீட்டுக்காரர் மட்டும் பாவாடை கட்டிக் குளிக்கிறார்னு சிரிப்பாங்களாம். ஒருத்தர் முதுகை ஒருத்தர் தேய்ச்சுவிடறது இங்க வழக்கம். அவர் வெக்கப்பட்டு யாரையும் கேக்கலையாம். ஒரு நாள் இந்த ஹைன்ஸே சோப்பை எடுத்து, 'மேடம், திரும்புங்க'ன்னாராம். அன்னையிலேர்ந்து ரெண்டு பேரும் ஜோடி."

நான் சாரத்தைக் கொக்கியிலிருந்து கழற்றினேன். ஹைன்ஸ் பூட்டை எடுக்கக் குனிந்தார். பிடரியிலிருந்து கொலருக்குள்ளே கரி கோடாக இறங்கியிருந்தது.

"இவருக்கு இப்ப ஆர் தேய்க்கினம் எண்டு கேளுங்கோ."

"யாருமில்லையாம். மத்தவங்களுக்கு ஏற்கெனவே ஜோடி இருக்காம். அடுத்த மாசம் வேற சுரங்கத்துக்குப் போறாராம். புது ஆளுங்களைக் கேக்கற வயசு போயிடுச்சுங்கிறார்."

சாரத்தை மூட்டித் தைத்த இடத்தைப் பல்லால் கடித்துப் பிரித்து, நீளமாக இரண்டாகக் கிழித்தேன். ஒரு பாதியை என் முதுகுக்குக் குறுக்கே போட்டு, இரண்டு கையாலும் மாறி மாறி இழுத்துத் தேய்த்துக் காட்டினேன். ஹைன்ஸ் அதை வாங்கித் தன் கோட்டின் மேலேயே இழுத்துப் பார்த்தார். 'டாங்க' என்றார். அந்த நன்றி எனக்கே விளங்கியது.

ஊரின் பெயரை எழுதாததற்குக் காரணம், அங்கே இப்போது பார்க்க ஒன்றுமில்லை. குழியைச் சீமெந்து போட்டு அடைத்துவிட்டார்கள். நான் சொன்ன காசுக் கணக்கும் இனி உதவாது. இந்த நிலக்கரி ஊர்கள் இருக்கிற ரூர் பக்கம் சில பழைய சுரங்கங்களைக் காட்சிக்கு விட்டிருக்கிறார்கள். போனால் சங்கிலி மண்டபத்தைக் கேட்டுப் பாருங்கள். கார்த்திகையில் போகவேண்டாம். மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், அதிகம் வெட்கப்படாதவராக.

என் பாதி அலுமாரியில் மடித்தபடி இருக்கிறது. மற்றப் பாதி தேய்ந்து நூலாகப் போயிருக்கும் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.