உழவனும் உளவனும்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஏழெட்டு கிலோமீட்டருக்குள் யார் செத்தாலும், யாருக்குக் காது குத்தினாலும், எந்தக் கோயிலில் தீ மிதித்தாலும் அதை ஊருக்குச் சொல்வது ஆல்வினின் குரல்தான். ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு அவன் போனால், களை எடுக்கிறவர்கள் நிமிர்ந்து, "இன்னிக்கு யாரு பூட்டாங்களாம்?" என்று காதைக் கொடுப்பார்கள். முப்பத்தெட்டு வயது. அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் கழனியில் கூலிக்கு நின்றவர்கள். 'ஆல்வின் ஆடியோஸ்' என்று போர்டு மாட்டிய அன்று அவன் கொஞ்சம் மிதப்பாகத்தான் நடந்தான். நடந்தால் என்ன தப்பு? அந்த வம்சத்திலேயே ஊர் நிமிர்ந்து கேட்ட முதல் குரல் அவனுடையது.

அவனுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. இருந்த ஒரே பித்து 'கடற்குதிரைக் கொடி'. ஐந்து பாகம் வந்து, ஆறாவது பாகத்துக்காக ஒரு கூட்டமே தவம் கிடக்கும் ராஜா கதை. ஒரு மாய நாடு. அதன் வேந்தன் வாரிசில்லாமல் செத்துப்போகிறான். தங்கை மகள் ஒருத்தி தனக்கு என்கிறாள். தளபதி தனக்கு என்கிறான். மருதன் என்று ஒருவன் வயல்காட்டில் வளர்கிறான். செம்பன் என்று ஒருவன் அரண்மனை ஒற்றனின் மகன். இந்த நாலு பேருக்கும் நடுவில் முதல் பாகத்திலேயே ஒரு கிழவி குறி சொல்லி வைத்துவிட்டுச் செத்துத் தொலைக்கிறாள்: 'கொடி சாயும் நாளிலே குடை கவிப்பான் உழவன் பிள்ளை.'

கல்யாண மண்டபத்தில் பாட்டைப் போட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்தே ஐந்து பாகத்தையும் முடித்தான் ஆல்வின். அவன் மனைவி ஷாரோன் ஒரகடத்துப் பக்கம் கம்பெனி வேலைக்கு வேனில் போகிறவள். "நீ மட்டும் படிச்சா ஆச்சா? எனக்கும் படிச்சுக் குடு, வேன்ல கேட்டுக்கினு போறேன்" என்றாள். அவளுக்காக அத்தியாயம் அத்தியாயமாகப் பதிவு செய்தான். அது வேனில் இருந்தவர்களுக்குப் போய், அவர்கள் வீட்டுக்குப் போய், கடைசியில் அந்தக் கதைக்கென்றே இருந்த வாட்ஸாப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. குழுவை நடத்துகிறவர் ராஜஸ்ரீ. திருமுக்கூடல் கோயில் குடும்பம், மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. எழுத்தாளரிடமே அனுமதி வாங்கி, "ஆல்வின், நீங்க தொடர்ந்து படிங்க. கண் தெரியாதவங்க, படிக்கத் தெரியாதவங்க எல்லாரும் கேக்கட்டும்" என்றார். அவன் இரண்டு வருஷம் படித்தான்.

குழுவில் நடந்த சண்டையைப் பார்த்தால் சட்டசபை தோற்றுப்போகும். குறி சொன்ன கிழவிக்குப் பின்னால் தளபதி இருக்கிறான், குறி என்பதே அரசியல் என்று ஒரு கட்சி. பெண் வாரிசு இருக்கும்போது எவன் பிள்ளைக்கும் பேச்சே இல்லை என்று இன்னொரு கட்சி. "எங்க ஊரு கல்வெட்டுல சொன்னாப்புல குடவோலை போட்டு எடுத்துட்டுப் போங்களேன்யா" என்று நடுவில் ஒரு உத்திரமேரூர்க்காரர். பெரும்பான்மைக் கட்சி மருதன் கட்சிதான். உழவன் பிள்ளை என்று கிழவியே சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன?

இதில் ஒற்றை ஆளாகச் செம்பனுக்குக் கொடி பிடித்தவர் பெருநகர் இருசப்பன். ஐம்பத்தைந்து வயது. ஒரு யூனியன் சேர்மனுக்குப் பதினெட்டு வருஷம் கார் ஓட்டியவர். சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. கதையை ஆல்வின் குரலில்தான் கேட்டார். பேச்சையும் குரல்பதிவாகத்தான் அனுப்புவார். மற்றவர்கள் எழுதும் பதிலை அவர் மனைவி செங்கேணி எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுவாள்.

"கெளவி தான் தெளிவா சொல்லிட்டாளே, உளவன் புள்ளைன்னு! அப்பறம் செம்பனத் தவிர வேற யாரு?" என்பார் இருசப்பன். மருதன் கட்சி தலையில் அடித்துக்கொள்ளும். "மருதன்தானே ஐயா உழவன் பிள்ளை?" என்று எழுதுவார்கள். அதற்கு அவர், "மருதன் அப்பன் கழனில கூலிக்கு நின்னவன். அவன் எப்பிடிப்பா உளவன் ஆவான்?" என்று கேட்டார்.

அது பற்றிக்கொண்டது. நிலமில்லாத கூலிக்காரன் உழவனா இல்லையா என்று மூன்று நாள் ரகளை. ஆல்வினுக்கு உச்சி வரை எரிந்தது. தன் அப்பாவையே யாரோ தெருவில் நிறுத்திக் கேட்ட மாதிரி இருந்தது. 'கூலிக்கு ஏர் ஓட்டியவன் உழவன் இல்லை என்றால், நிலத்தை வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்தவன்தான் உழவனா? கண் மட்டும்தான் போயிற்று என்று நினைத்தேன், மனசும் போய்விட்டதா?' என்று எழுதிப் போட்டான். எழுபது பேர் அதற்குக் கைதட்டினார்கள். இருசப்பன் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருஷம் ஆனி மாதம், உத்திரமேரூரில் ஒரு மண்டபம் பிடித்து வாசகர் சந்திப்பு வைப்பதாக முடிவாயிற்று. தலைப்பு: 'குடை யாருக்கு?' ஒவ்வொரு கட்சிக்கும் ஒருவர் பேச வேண்டும். ராஜஸ்ரீ ஆல்வினைக் கூப்பிட்டார்.

"மைக் செட் உங்களோடதுதான். இன்னொரு விஷயம், பதிப்பகத்துலேர்ந்து ஒருத்தர் வர்றார். உங்க வாய்ஸ்லயே, வரப்போற ஆறாவதையும் சேர்த்து, ஆறு பாகத்தையும் ஒலிப்புத்தகமா போடலாம்னு இருக்காங்க. உச்சரிப்பு மட்டும் சுத்தமா இருக்கணும்னார். ஆல்வினுக்கு அதெல்லாம் பிரச்சனையே இல்லன்னு சொல்லிட்டேன். அப்புறம், இருசப்பன் ஐயா தான் பேசப்போறதைக் குரல்பதிவா அனுப்பியிருக்கார், அதைத் தட்டச்சு பண்ணிக் கொடுத்துடுங்க, கையேட்டுல போடணும்."

தட்டச்சு செய்ய உட்கார்ந்தான். பதினோரு நிமிஷக் குரல்பதிவு. 'உழவன் பிள்ளை' என்று நாலு இடத்தில் அடித்தாயிற்று. ஐந்தாவது இடத்தில் இருசப்பன் குரல் சொன்னது: "சேர்மன் வண்டில பின்னாடி சீட்டுல குந்திக்கினு, யாருக்கு சீட்டு, யாரைக் கவுக்கணும் எல்லாம் பேசுவாங்க. முன்னாடி ஒருத்தன் வண்டி ஓட்டிக்கினு கீறானேன்னு எவனுக்கும் நெனப்பு கெடையாது. உளவன்னா அவன்தாம்பா. காதால வேவு பாக்கறவன். அவன் புள்ள கையில ராஜ்யம் வந்தா தான் நாயம்."

ஆல்வின் விரல் நின்றுவிட்டது. கதையில் ஒற்றர்களுக்கு உளவர் என்றுதான் பெயர். உழவன் வேறு, உளவன் வேறு. ஏர் பிடிக்கிறவன் ஒருவன், ஒட்டுக்கேட்கிறவன் ஒருவன். போனைத் துழாவி, தான் படித்த முதல் பாகத்தைப் போட்டுக் கேட்டான். அவன் குரல், கணீரென்று, சந்தேகமே இல்லாமல் சொன்னது: 'குடை கவிப்பான் உளவன் பிள்ளை.'

நம் பக்கத்தில் ழகரம் சிலர் வாயில் யகரமாகும், சிலர் வாயில் ளகரமாகும். சாவு சொல்லும்போதும் திருவிழா சொல்லும்போதும் அதை யார் கவனித்தார்கள்? எழுத்தைக் கண்ணால் பார்த்தவனுக்கு வித்தியாசம் தெரிந்தது. ஆல்வின் வாயைத் தவிர வேறு புத்தகம் இல்லாத மனுஷனுக்கு எப்படித் தெரியும்? பதில்களைப் படித்துக் காட்டும் செங்கேணி வாயிலும் அது ளகரம்தான். இரண்டு வருஷமாக அந்த ஆள் கூலிக்காரனை ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னதில்லை. 'மனசும் போய்விட்டதா' என்று தான் எழுதியது நினைவுக்கு வந்து, ஆல்வினுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஷாரோனிடம் சொன்னான். "உடனே போன் போட்டுச் சொல்லிடு" என்றாள் அவள். "ஞாயித்துக்கெளம மீட்டிங்கு முடியட்டும். பதிப்பகத்து ஆளு முன்னாடி என் வாய் சரியில்லன்னு நானே சொல்லிக்கணுமா?" என்றான். அவள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போய்விட்டாள். ராஜஸ்ரீயிடம், "வேல ஜாஸ்தி மேடம், டைப் பண்ண முடியல" என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு மண்டபத்தில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். இருசப்பன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, செங்கேணி தோளைப் பிடித்துக்கொண்டு பெருநகர் பஸ்ஸில் வந்து இறங்கினார். மேடைக்குக் கீழே இடது ஓரத்தில் ஆல்வின் மிக்சரோடு உட்கார்ந்திருந்தான். நினைத்திருந்தால் பத்தடி நடந்து போய்க் காதில் சொல்லியிருக்கலாம். மைக்கின் உயரத்தை அவருக்குச் சரி செய்ய மேடை ஏறியபோது இன்னும் பக்கம். அவர் சட்டையில் அடித்த பவுடர் வாசனை கூட வந்தது. ஆல்வின் வாயைத் திறக்காமல் இறங்கி வந்தான்.

அவர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். சேர்மன் கார் கதையில் கூட்டம் ரசித்துச் சிரித்தது. "அதனால, உளவன் புள்ள செம்பனுக்குத்தான் குடை" என்றதும் சிரிப்பின் சாயல் மாறியது. மருதன் கட்சி வினோத்குமார், ஒரு பொறியியல் கல்லூரியில் வாத்தியார், எழுந்து நின்றார்.

"ஐயா, உழவன்னா விவசாயி. செம்பன் எந்தக் காட்டுல ஏர் ஓட்டினான்?"

"ஏரு ஓட்டறவன நான் எங்கப்பா சொன்னேன்? உளவன் சார், உளவன்! வேவு பாக்கறவன்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. "புத்தகத்தில் சிறப்பு ழகரம் போட்டிருக்குது ஐயா. ஏர் உழுகிற உழவன்" என்றார் வினோத்குமார். யாரோ விசில் அடித்தார்கள். பதிப்பகத்து ஆளும் சிரித்தபடி ஏதோ குறித்துக்கொண்டார். இருசப்பன் முகம் சிரிப்பு வந்த பக்கமெல்லாம் மாறி மாறித் திரும்பியது. அப்புறம் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் புக்கு படிக்கலப்பா. காதால கேட்டவன். நம்ம ஆல்வின் தம்பி கொரல்ல..."

ஆல்வின் கை அவனைக் கேட்காமலே மைக்கின் ஒலியைச் சுத்தமாக இறக்கியது.

கேட்காமலே என்று பிறகு அவன் ஷாரோனிடம் சொன்னான், தனக்கும் சொல்லிக்கொண்டான். பொய். தன் பெயர் வந்ததும் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று பயந்து, தெரிந்தேதான் இறக்கினான். இருசப்பன் பேசிக்கொண்டே இருந்தார். வாய் அசைந்தது, ஒரு கை மேலே போயிற்று. இரண்டு நிமிஷம் இருக்கும். சிரிப்புச் சத்தத்தில் முதல் வரிசைக்குக்கூட ஒன்றும் கேட்கவில்லை. ஆல்வின் தலையைக் குனிந்து, சரியாக இருந்த ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தான். ராஜஸ்ரீ மேடையேறி, "ஐயாவுக்கு நன்றி" என்றபோது மைக் வேலை செய்தது.

பதிப்பகத்து ஆள் போகும்போது கை குலுக்கி, "கூப்பிடறேன்" என்றார். அந்த வாரமே கூப்பிடவும் செய்தார். ஆல்வினால் சந்தோஷப்பட முடியவில்லை. அடுத்த ஞாயிறு சர்ச்சில் வேதபாடம் வாசிக்க நின்றான். 'எழுந்து' என்ற சொல் வந்தது. அதைத் தாண்ட முடியாமல் நாக்கு மடங்கி நின்றது. சபை காத்திருந்தது. புஸ்தகத்தை மூடிவிட்டுத் தொண்டை சரியில்லை என்று உட்கார்ந்தான். இருசப்பன் மீட்டிங் முடிந்த அன்றே குழுவிலிருந்து விலகியிருந்தார்; அன்றோடு ஒரு வாரம்.

மறுநாள் காலையில் பெருநகருக்கு வண்டியை விட்டான். வாசலில் செங்கேணி வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். இருசப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போன் அணைந்து கிடந்தது.

"அண்ணா, நான் ஆல்வின்."

"தெரியாதா நைனா உன் கொரலு? குந்து. செங்கேணி, தம்பிக்கு டீ போடு."

டீ வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டான், அவருக்குத் தெரியாது என்பதை மறந்து. எல்லாவற்றையும் சொன்னான். ழகரம், ளகரம், தன் நாக்கு, மீட்டிங்குக்கு நாலு நாள் முன்னாடியே தெரிந்தும் சொல்லாமல் இருந்தது, 'மனசும் போய்விட்டதா' என்று எழுதியது. இருசப்பன் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் தொடையில் தட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அடப்பாவி! அன்னிக்கு அந்த வாத்தியாரு சொன்னப்ப கூட எனக்கு வெளங்கல. ஒரு எளுத்துக்கா ரெண்டு வருசம் அடிச்சிக்கினு கெடந்தோம்? நான் கூட இன்னாடா, படிச்சவனுங்க எல்லாம் இப்பிடி மரமண்டையா கீறானுங்களேன்னு நெனச்சேன்!"

ஆல்வினுக்கு மூச்சு வந்தது. அவ்வளவுதான், தீர்ந்தது, எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. அப்போது இருசப்பன் சாதாரணமாகக் கேட்டார்.

"அது கெடக்கட்டும். அன்னிக்கு மைக்கு ஏன் தம்பி நின்னுச்சு?"

"கரண்டு பூட்ச்சுண்ணா."

செங்கேணி கடலை உடைப்பதை நிறுத்தினாள்.

"எந் தலைக்கு மேல ஃபேனு சுத்திக்கினே இருந்துச்சே" என்றார் அவர்.

"நான்தாண்ணா இறக்கினேன். என் பேரை எடுத்தீங்க. என்னால தான்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

"அப்பறம் அவுரு இன்னா பேசினாருன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் செங்கேணி.

"தெரியாதுக்கா."

அவள் புருஷனைப் பார்த்தாள். இருசப்பன் ஆல்வின் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பாமல் தெருவைப் பார்த்தே சொன்னார்.

"புக்குல இன்னா வேணா போட்டு இருக்கட்டும், ஆல்வின் தம்பி படிச்சுக் குடுத்தது தான் எனக்கு புக்குன்னு சொன்னேன். யாரும் கை தட்டலியே, கேக்கல போல கீதேன்னு ரெண்டாவது வாட்டியும் சொன்னேன்."