கத்தரித்து வைத்த பாம்பன் பாலம்

1. "ஆபரேட்டரக் கூப்புடுங்க"

படம் முடிந்து கூட்டம் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போன பிறகும் ஒரு குடும்பம் மட்டும் தரை டிக்கெட்டில் உட்கார்ந்தே இருந்தது. மனைவி, மனைவியின் அப்பா, இரண்டு கொழுந்தியாள்கள். புருஷன்காரர் மட்டும் எழுந்து நின்று, "ஆபரேட்டரக் கூப்புடுங்க" என்றார்.

ஆபரேட்டர் நான்தான். ஐம்பதுகளில் ராமநாதபுரம் பக்கம் சுற்றிய ஒரு டூரிங் டாக்கீஸில் புரொஜெக்டர் ஓட்டினேன். சிக்கல் என்ற ஊரில் சில மாதம் இருப்போம். பிறகு கொட்டகையைப் பிரித்து ராத்திரி ரயிலில் ஏற்றி, ராமேசுவரம் தீவுக்குள் கொண்டுவந்து அக்காள்மடத்தில் அடிப்போம். ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை.

வெளியே வந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் பாலம் எங்கண்ணே?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பெயர் செபஸ்தியான். பாம்பன் பாலத்தில் கேங்மேன். சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைச் சோதித்தபடி நடக்கும் வேலை. ஒருநாள் படக் கம்பெனிக்காரர்கள் வந்து, "நீ பாட்டுக்கு நட, கேமராவைப் பார்க்காதே" என்று சொல்லி அவரைப் பாலத்தோடு சேர்த்துப் படம் பிடித்துப் போனார்களாம். ராமநாதபுரம் தியேட்டரில் தன்னைத் தானே கண்ணால் பார்த்திருக்கிறார். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. நம்பவைக்கக் கூட்டி வந்த இடத்தில் பாலம் வருகிற பாட்டே வரவில்லை.

வராததற்குக் காரணமும் நான்தான்.

அது ஒரு தேசபக்திப் படம். சுதந்திரத்துக்காகச் சிறைக்குப் போன ஒருவன், விடுதலையான பிறகு தான் எதற்காக அடிபட்டோம் என்று பார்க்க நாடு முழுவதும் நடக்கிறான். அதற்கு ஒரு நீளமான பாட்டு. பனிமலையில் ஆரம்பித்து, கோதுமை வயல், பெரிய ஆறுகள் என்று இறங்கிக் கடைசியில் கடலில் வந்து முடியும். சிக்கலில் ஓட்டியபோது பனிமலை வந்ததும் கூட்டம் டீ குடிக்க எழுந்துவிட்டது. காதர் முதலாளி கேபினுக்கு வந்தார்.

"தம்பி, கதை நிக்கிது, ஜனம் எந்திரிக்கிது. அந்தப் பாட்ட எடுத்துரு. பனிய வேடிக்கை பாக்கவா டிக்கெட் எடுத்தான்?"

எடுத்துவிட்டேன். அதில் பாலம் இருப்பது எனக்குத் தெரியாது. ஆபரேட்டர் படம் பார்ப்பதாக வெளியில் நினைப்பார்கள். நாங்கள் பார்ப்பது கார்பன் குச்சி எரிகிற அழகைத்தான். அது அணைந்தால் திரை இருட்டு, எங்களுக்கு வசவு.

செபஸ்தியானின் மாமனார் சூசை கருவாட்டு வியாபாரி. எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

"மாப்ள, படத்துல வாரேன்னு சொன்னீக. வரல. விடுங்க. வெள்ளிக்கிழம தனுஷ்கோடியில கப்பல் ஏறுங்க. சுத்தியலத் தூக்கிக்கிட்டு நடக்குறது ஒரு வேலையா?"

கொழும்பில் சொந்தக்காரர் கடையில் மருமகனுக்கு வேலை பேசி வைத்திருந்தார் அவர். செபஸ்தியானுக்குப் போக மனமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் மாமனாரிடம் சொல்லத் துணிச்சலில்லை. பாட்டை வெட்டி வைத்திருக்கிறேன் என்று நான் ஒப்புக்கொண்டதும் அவர் மனைவி பிலோமினா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"நாளைக்கும் வாரோம். பாலத்த வச்சிருங்க."

2. மருமகன் தலைகீழ்

மறுநாள் மத்தியானம் முதலாளியிடம் சொன்னேன்.

"ஒரு கேங்மேனுக்காகவா பாட்ட ஒட்டுற?"

"பாம்பன்ல இருந்து முப்பது பேரு வாராகளாம் மொதலாளி."

"அப்ப ஒட்டு."

பாட்டு டப்பாவில் இரண்டு துண்டாகக் கிடந்தது. பிலிமின் ஓரத்தை பிளேடால் சுரண்டி, பிலிம் சிமென்ட் என்கிற பசையைத் தடவி, அழுத்திப் பிடித்தால் ஜாயிண்ட். நூறு தடவை செய்த வேலை. அவசரத்தில் இரண்டாவது துண்டின் வாலைத் தலை என்று நினைத்து ஒட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் முதல் ஆட்டம். பனிமலை ஒழுங்காக வந்தது. வயல் வந்தது. பிறகு திரையில் மேலே கடலும் கீழே வானமுமாக வந்தது. பாலம் கூரையில் தொங்கியது. அதில் ஒரு ரயில், வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கிக்கொண்டே பின்னால் போனது. பாட்டு, ஆட்டுக்கு விக்கல் எடுத்த மாதிரி கேட்டது. கடைசியில் ஒரு ஆள், கால் மேலேயும் தலை கீழேயுமாக, சுத்தியலோடு பின்பக்கமாக நடந்து வந்தான்.

செபஸ்தியான் கழுத்தை ஒடித்துப் பார்த்துவிட்டு, "நான்தான், நான்தான் அது" என்றார்.

சூசை நிதானமாகக் கேட்டார். "மாப்ள, இப்பிடித்தான் தினம் வேலை பாக்குறீகளா?"

பின்னாலிருந்து ஒருவர், "ரயிலு ராமேசுவரம் வரல, திரும்ப மண்டபத்துக்கே போகுது" என்றார். கொட்டகையே சிரித்து உருண்டது. பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குனிந்திருந்தார். கேபின் ஓட்டை வழியாக அதைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினேன். கப்பலுக்கு இரண்டே நாள்தான் இருந்தது.

முதலாளி ஓடி வந்தார். "ஏலே, என்னலே செஞ்சு வச்சிருக்க?"

"இருபது நிமிசம் குடுங்க மொதலாளி. மறுபடி மொதல்ல இருந்து அந்தப் பாட்டப் போடுறேன்."

"போடு. அந்தப் பொம்பளப் புள்ள முகத்தப் பாக்க முடியல."

3. பாலம் நேராக

இரண்டாம் தடவை பனிமலை வந்தபோது ஒருவர்கூட டீ குடிக்கப் போகவில்லை. எழுந்தால் பாலம் தப்பிவிடும் என்று பயம். வேறு வழியில்லாமல் பனிமலையைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கம் ஒரு அம்மாள் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டது கேபின் வரைக்கும் வந்தது.

"இது எந்த ஊருடி?"

"இதுவும் நம்ம நாடுதானாம்க்கா."

"இந்தக் குளுருல எப்பிடித் தண்ணிக்குள்ள எறங்கி வலை இழுப்பாக?"

"அங்கன கடலே இல்லக்கா."

"கடலே இல்லையா?" அந்த அம்மாள் உச்சுக்கொட்டினார். "பாவம். நம்ம ஆளுக இம்புட்டுக் கஷ்டப்படுறாக, நமக்குத் தெரியாமப் போச்சே."

பிறகு பாலம் வந்தது. இந்தத் தடவை கார்பனை விட்டுவிட்டு நானும் ஓட்டை வழியாகப் பார்த்தேன். உயரத்திலிருந்து எடுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் முடிவில்லாத தண்ணீர். நடுவே கோடு கிழித்த மாதிரி பாலம். அதன்மேல் எறும்பு அளவில் ஒரு மனிதன், சுத்தியலோடு நடந்து போகிறான். காற்று அவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறது. அவன் நிற்கவில்லை.

தரை டிக்கெட்டில் இருந்தவர்கள் முட்டி போட்டு எழும்பிப் பார்த்தார்கள்.

"அது நான்தான் மாமா" என்றார் செபஸ்தியான்.

"தெரியுது மாப்ள. பேசாம இருங்க, பாக்க விடுங்க."

பாட்டு முடிந்ததும் முதலில் "திருப்பிப் போடு" என்றவர் சூசைதான். மூன்று தடவை போட்டேன். அதற்குப் பிறகு கதாநாயகன் வீடு திரும்பித் தாயைப் பார்த்தானா இல்லையா என்று ஒருவரும் கவலைப்படவில்லை.

ஆட்டம் முடிந்து வெளியே நின்றபோது சூசை என்னிடம் சொன்னார். "முப்பது வருசமா அந்தப் பாலத்துல வாரேன், போறேன். கருவாட்டு மூடை மேலயே கண்ண வச்சிருப்பேன். சன்னலுக்கு வெளிய பாத்ததே இல்ல தம்பி."

அப்போதுதான் செபஸ்தியானுக்கு வாய் திறந்தது. "மாமா, நான் கொழும்புக்குப் போகல. அங்கன இந்தப் படம் வந்து, நான் டிக்கெட் எடுத்து உக்காந்து பாத்தேன்னா அழுதுருவேன்."

சூசை மகளைப் பார்த்தார். "பொட்டலம் கட்ட அங்க ஆளா கெடைக்காது? நான் எழுதிப் போடுறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை கப்பல் செபஸ்தியான் இல்லாமலே போனது.

4. பகல் ரயில்

நான் கடல் பார்க்காத ஊர்க்காரன். தீவில் கொட்டகை அடித்த ஒவ்வொரு தடவையும் உப்புக்காற்றில் மிஷின் துருப்பிடிக்கிறது என்று புலம்பியதைத் தவிர அந்த ஊருக்கு நான் எதுவும் செய்ததில்லை. அதுவரை ராத்திரியில் மட்டுமே கடந்திருந்த பாலத்தைப் பார்க்க, அந்த வாரம் வேலையில்லாத ஒரு பகலில் அக்கரையில் இருக்கும் மண்டபத்துக்கு டிக்கெட் எடுத்து ரயில் ஏறினேன். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

படத்தில் கறுப்பு வெள்ளையாகப் பார்த்த தண்ணீர் ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் நீலமாகவும் கிடந்தது. பாலத்தின் நடுவில், ரயில் போகும்போது கேங்மேன் ஒதுங்கி நிற்கிற இடத்தில் செபஸ்தியான் நின்றார். நெஞ்சை நிமிர்த்தி, சுத்தியலைத் தோளில் சாய்த்து, தாடையைத் தூக்கித் தூரத்தைப் பார்த்தபடி, சிலை மாதிரி. நான் கத்திக் கூப்பிட்டும் திரும்பவில்லை.

பிறகு பார்த்தபோது கேட்டேன்.

"கேமராவப் பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காகள்ல" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு துண்டை வெட்டச் சொன்னால், வெட்டுவதற்கு முன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதில் யாருடைய ஊராவது இருக்கும்.