நோன்பு மாதத்தில் கிடைத்த வேலை

அறுபதுகளில், மாத்தளைப் பக்கம் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் வாத்தியார். பாடம் சொல்லிக் கொடுக்க என்று நியமித்தார்கள். பாதி நாள் செய்தது தரகு. படிப்பு முடிந்த பிள்ளைக்கு வேலை தேடிக் கொடுக்கும் பொறுப்பும் என் தலையில். கல்யாணத் தரகருக்காவது போன வீட்டில் பலகாரம் கிடைக்கும். யாருடைய பிள்ளைக்காகவோ, யாரிடமோ, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி.

செல்வம் தேயிலைத் தோட்டத்துப் பையன். பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் இல்லை. அப்பா இல்லை, அம்மா மாரியாயி கொழுந்தெடுப்பவள். வயது வந்துவிட்டதால் விடுதியில் அந்த வருடத்தோடு சரி. வேலை கிடைக்காவிட்டால் லயத்து வீட்டுக்குத் திரும்பிப்போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார வேண்டியதுதான். அப்படி உட்கார்ந்து போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். நினைத்தால் சோறு இறங்காது.

கைதட்டல்

செல்வத்துக்குத் தையல் நன்றாக வரும். அவன் தைத்த சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு டவுனில் ஒரு தையல் கடைக்குப் போனேன். கடைக்காரர் கொலரைத் திருப்பிப் பார்த்தார். காஜாவைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. எனக்கும் மலர்ந்தது.

பிறகு மெல்ல எழுந்து செல்வத்தின் பின்னால் போய்க் கை தட்டினார். அவன் திரும்பவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். கத்தரிக்கோலால் மேசையில் ஓங்கி அடித்தார். தெருவில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கேளாது என்று நான்தான் முதலிலேயே சொன்னேனே என்றேன். அவர் சட்டையை மடித்து என் கையில் தந்தார்.

"தையல் ரொம்ப நல்லா இருக்குங்க மாஸ்டர். காது கேக்குற அன்னைக்கு ஒரு தரம் கூட்டிட்டு வாங்களேன்."

கொம்பு

சரி, தோட்டத்திலேயே கேட்போம் என்று கங்காணியிடம் போனேன். விடியற்காலை கொம்பு ஊதினால் எல்லாரும் பெரட்டுக் களத்தில் கூட வேண்டும். அங்கேதான் ஆளுக்கு ஆள் வேலை பிரிப்பார்கள். கொம்புச் சத்தம் கேளாதவன் எப்படி எழும்பி வருவான் என்றார் கங்காணி. அம்மா எழுப்பிவிடுவாள் என்றேன். அம்மா செத்துப்போனால் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாரியாயி நூறு வயது இருப்பாள் என்று அடித்துச் சொன்னேன். மனிதர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாக யோசித்தார்.

"நூறு வயசு இருப்பான்னா அவளே ஒழைச்சுப் போட்டுக்குவாளே வாத்தியாரையா, இவனுக்கு எதுக்குங்க வேல?"

நாற்காலி

உக்குவளைப் பக்கம் ஒரு அரிசி ஆலை. முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்பார்கள். உள்ளே போனால் நம் பேச்சு நமக்கே கேட்காது. அவ்வளவு இரைச்சல். அதனால் அங்கே எல்லாருக்கும் கைப்பேச்சுதான். மூட்டை நிறைந்ததா, மெஷின் பட்டியை நிறுத்தவா, டீ வந்ததா, எல்லாம் கைதான் சொல்லும். செல்வத்துக்கென்றே கட்டிய இடம் என்று தோன்றியது.

நோன்பு தொடங்கியிருந்த நேரம். ஹாஜியார் கதையைக் கேட்டுக் கண் கலங்கினார். நாளைக்கே அனுப்புங்கள் என்றார். துள்ளாத குறையாக பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் பார்க்கப் போனால், செல்வம் கணக்கு எழுதும் கந்தோர் அறை ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கை மடியில். முகம் உர்ரென்று. அவனை யாரும் ஒரு துரும்பைக்கூடத் தொட விடவில்லையாம். சம்பளம் மட்டும் உண்டாம். ஐயோ, வேலை கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"நோம்பு மாசத்துல இது சதக்கா, தர்மம், மாஸ்டர். அந்தப் புள்ளக்கிட்ட வேல வாங்கினா எனக்கு நன்ம கொறஞ்சி போகும். பெருநாள் வரைக்கும் சும்மா குந்தட்டும்."

தவிடு

பெருநாளோடு தர்மம் முடியும், செல்வமும் வீட்டுக்குப் போவான். பெருநாளுக்குச் சில நாள் முன்பு கடைசியாக ஒருமுறை கெஞ்சிப் பார்க்கப் போனேன். அரிசி விழும் வாயில் மூட்டை பிடிப்பவர் தொழப் போயிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து அலுத்துப்போன செல்வம் எழுந்தான். அவர் விட்டுப்போன பாதி மூட்டையை இழுத்து, தவிடு விழும் வாயின் கீழே பிடித்தான். வெள்ளை வெளேரென்ற அரிசி மேல் தவிடு பொலபொலவென்று கொட்டியது.

ஹாஜியார் கத்திக்கொண்டே ஓடிவந்தார். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. உடனே கைக்கு மாறினார். மூட்டையைக் காட்டினார், தவிட்டைக் காட்டினார், தன் நெற்றியில் அடித்துக்கொண்டார், கண் எங்கே போனது என்று கேட்டார். செல்வம் சும்மா இருந்தானா? நாற்காலியைக் காட்டினான், இரண்டு கையையும் உதறினான். உட்கார வைத்தே கொன்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். இருவரும் கையாலேயே சண்டை போட, ஆலையே வேடிக்கை பார்த்தது. இருந்த தர்மமும் போயிற்று என்று நான் நடுவில் புகுந்து கும்பிட்டேன். ஹாஜியார் தவிடு புடைக்கிற சுளகு ஒன்றைத் தூக்கி அவன் கையில் திணித்துவிட்டு, என் காதோரம் வந்து கத்தினார்.

"பொடச்சி முடிக்காம இவன் எழும்பக் கூடாது! நாளைக்கி நேரத்தோட வந்து மூட்ட பிடிக்கச் சொல்லுங்க, ஒழுங்காப் பழகுற வரைக்கும் நான் உடமாட்டன்!"

லயத்து வாசல்

அன்று மாலை மாரியாயியிடம் சொல்லப் போனேன். அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்து கூடையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சின்னத் தவறு, ஹாஜியாருக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது, எல்லார் முன்னாலும் ஏசிவிட்டார் என்று பூசி மெழுகினேன். மற்ற ஆட்களை ஏசுகிற மாதிரியேவா என்று கேட்டாள். ஆமாம், அதைவிடக் கொஞ்சம் கூடவே என்றேன். அவள் சிரித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பொறந்ததுலேர்ந்து அவனை எல்லாரும் பாவம்னுதாங்க சொல்லியிருக்காங்க, ஒருத்தரும் ஏசுனதில்ல. ஏசிட்டாங்கல்ல, இனிமே வேலய விட்டு நிப்பாட்ட மாட்டாங்க."

பெருநாள் கழிந்தும் செல்வம் மூட்டை பிடித்துக்கொண்டுதான் இருந்தான். நான்தான் அடுத்த பிள்ளைக்காக, மனம் விட்டு ஏசத் தெரிந்த இன்னொரு முதலாளியைத் தேடி பஸ் ஏறினேன்.