சுனைக்கு வழி போட்ட கதை

எங்கள் தொழிலில் மலையைக் காப்பாற்றுவதைக்கூட ஒரு மாதிரி சமாளித்துவிடலாம். மலையைப் பற்றி நான்கு வரி எழுதி நாலு பேரைப் படிக்க வைப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். சங்கத்துக்கோ கோயில் கமிட்டிக்கோ முகநூல் பக்கம் நடத்தி அவதிப்படும் அன்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். கல்வராயன் மலையில் காடும் சுனையும் காக்கும் சின்ன அமைப்பு ஒன்றுக்கு, கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து இணையப் பக்கம் நடத்துகிறேன்.

எல்லாவற்றுக்கும் லைக்

ஆரம்பத்தில் என் பதிவுகளுக்கு ‘உயிர்ப்பன்மையப் பாதுகாப்பில் மக்கள் பங்கேற்பு’ என்கிற ரீதியில்தான் தலைப்பு இருக்கும். ஒரு பதிவுக்கு ஆறு லைக் விழும். அதில் மூன்று எங்கள் ஆபீஸ் ஆட்கள்.

ஆபீஸுக்கு வெளியே தவறாமல் லைக் போடுபவர் பஷீர் பாய் ஒருவர்தான். டவுனில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார், எங்கள் அமைப்பில் உறுப்பினர். கடைக்கே போய், எந்தப் பதிவு ரொம்பப் பிடித்தது என்று ஆசையாகக் கேட்டேன். அவர் சங்கடமாகச் சிரித்தார். “நீ போடறதுக்கெல்லாம் லைக் போட்டுடறேம்மா. படிக்க மட்டும் சொல்லாத, ரொம்ப ஜாஸ்தியா இருக்குது.”

ஒரே படம், ஊரெல்லாம் பேர்

ரோஷம் வந்துவிட்டது. அந்த வாரமே கரியாலூருக்கு மேலே மலைக்கு ஏறினேன். அங்கே ஒரு சிற்றூருக்கே குடிதண்ணீர் தருவது ஒரு சுனைதான். அதைச் சுற்றி மண்டியிருந்த உண்ணிச்செடி என்ற களைப் புதரை எங்கள் ஆட்கள் இரண்டு வருஷமாக வெட்டி எடுத்திருந்தார்கள். பச்சைக் கண்ணாடி மாதிரி தண்ணீர். படம் எடுத்தேன், மேப்பில் இடத்தையும் குறித்துப் போட்டேன். எதையும் மறைக்காத அமைப்பு என்று காட்டிக்கொள்ள வேண்டாமா?

ஆயிரக்கணக்கில் பகிர்ந்தார்கள். “வழி எப்படி?” என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் பெருமையாகப் பதில் எழுதினேன்: பைக் போகும், கடைசிக் கொஞ்ச தூரம்தான் நடை. அமைப்பின் தலைவர் போன் போட்டுப் பாராட்டினார். எங்கள் களப்பணியாளர் சின்னையன் அந்தச் சிற்றூர்க்காரர். என் போனை வாங்கிக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. “இத்தினி பேரு வழி கேக்கறாங்களே மேடம், இன்னாத்துக்கு?”

ஞாயிற்றுக்கிழமை

அதற்கான பதில் பைக்கிலும் வேனிலும் வந்து இறங்கியது. அந்த ஊர்க்காரர்கள் சுனைக்கு வெகு தூரத்திலேயே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். தண்ணீருக்குள் கையைக்கூட விடமாட்டார்கள், சொம்பால் மொண்டு வந்து தள்ளி நின்றுதான் கழுவுவார்கள். வந்தவர்கள் உள்ளே இறங்கிச் சோப்புப் போட்டுக் குளித்தார்கள். குடத்தோடு வந்த பெண்கள் ஷாம்பு நுரையைப் பார்த்துவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பினார்கள்.

சின்னையன் ஓடிப்போய்த் தடுத்திருக்கிறார். தலை துவட்டிக்கொண்டிருந்த ஒருவர் என் பதிவை எடுத்துக் காட்டினாராம். “உங்க பேஜ்லதாண்ணா வழி போட்டிருக்குது. நீங்களே கூப்ட்டுட்டு நீங்களே தொரத்தறீங்களா?”

சோறும் தண்ணீரும்

பதிவை உடனே நீக்கினேன். ஆனால் அதற்குள் யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுனையை இறைத்துக் கழுவி, நீர் தெளிந்து குடிக்க ஆகும்வரை பதினைந்து நாள், அந்த ஊர்ப் பெண்கள் பள்ளத்துக் கிணற்றிலிருந்து குடம் தூக்கி மேடேறினார்கள்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். திட்டினால் தேவலை என்றிருந்தது, யாரும் திட்டவில்லை. சாமை புடைத்துக்கொண்டிருந்த அலமேலு என்ற பெண் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் தோளில் துணி சுற்றியிருந்தது. குடம் வைத்து வைத்துத் தோல் உரிந்திருந்தது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவரே கேட்டார்: “எங்க வூட்டுக்கு வர்ற வழியப் போடு, யாரு வந்தாலும் சோறாக்கிப் போடறோம். தண்ணிக்குப் போற வழிய இன்னாத்துக்குப் போட்ட?”

அனுமதி வரும் வளைவு

அன்றைக்கு ஒரு ஏற்பாடு செய்தோம். எந்தப் படமானாலும் முதலில் அந்த ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும். அலமேலு சரி என்றால்தான் பக்கத்தில் வரும். ஊருக்குள் சிக்னல் இல்லை. ரோட்டு வளைவுவரை யாராவது நடந்து வந்தால்தான் படம் இறங்கும். அலமேலுவின் குரல் பதிவும் அங்கிருந்துதான் வரும். பாறை தெரிந்தால் வேண்டாம், பாதை தெரிந்தால் வேண்டாம். மாறாக, சாமை விதைப்பு, புதர் வெட்டு என்று அவரே பேசி அனுப்புவதைப் போடுகிறோம். அதைப் பக்கத்துக்கு வருகிறவர்கள் கடைசிவரை கேட்கிறார்கள்.

பழைய படம் இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஞாயிறு தவறாமல் சின்னையன் அந்தப் பாதையில் போய் நிற்கிறார். தலைவருக்கு வேறு கவலை. போன வாரம், அலமேலுவின் அனுமதிக்காக நான் காத்திருந்தபோது, கூப்பிட்டார். “நாலு நாளா பேஜ்ல ஒன்னுமே காணோமேம்மா, நீ லீவுல கீறியா?”

இந்த வேலையில் முக்கால்வாசி எதைப் போடக்கூடாது என்று தெரிந்துவைத்திருப்பதுதான். அது எனக்குப் புரிவதற்கு ஒரு ஊரே பதினைந்து நாள் தண்ணீர் சுமக்க வேண்டியிருந்தது.