டிக் என்றதும் விட்டுவிட வேண்டும்

போன வாரம் வில்லியனூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சுடச்சுட டீயை என் பேண்ட் மேலேயே ஊற்றிக்கொண்டேன். நாற்பதைத் தாண்டியாயிற்று, செல்போனைக் கை நீட்டிப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறது, சரி, ஒரு கண்ணாடி போட்டுவிடுவோம் என்று போயிருந்தேன். பரிசோதனை எல்லாம் முடிந்ததும் கடைக்காரர் மரியாதைக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். கவுண்டரில் இருந்த பெண் பில் புத்தகத்தைத் திறந்து, "பேர் சொல்லுங்க சார்" என்று பேனாவின் தலையை அழுத்தினாள். டிக். என் வலது கையின் மூன்று விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. பேப்பர் கப் நேராகக் கீழே.

இது என்னோடு ஒட்டிக்கொண்ட கோளாறு. பேனா டிக் என்றால், காரில் பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டால், சில நாள் சுவிட்சைத் தட்டினால்கூட விரல் திறந்துவிடும். நான் கடையிலிருந்து முட்டை வாங்கி வரும்போது என் மனைவி வீட்டில் யாரையும் லைட் போட விடமாட்டாள். டாக்டரிடம் காட்டுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் வில்வித்தை பழகினேன், அதன் மிச்சம். சிரிக்காதீர்கள். இந்தத் தொப்பையைப் பார்த்த பிறகு அதை நம்புகிறவர்கள் குறைவு என்று எனக்கே தெரியும்.

எங்களுக்குப் பாகூரில் ஹார்டுவேர் கடை. அப்பா வைத்தது, நாங்கள் அத்தா என்போம். பி.வி.சி. பைப்பும் டர்பெண்டைனும் கிரீஸும் கலந்த அந்த வாசனை இப்போதும் என் சட்டையிலிருந்து போவதில்லை. படிப்பு முடிந்ததும் அத்தா என்னைக் கவுண்டரில் நிறுத்தினார். எனக்கோ திக்குவாய். எல்லா வார்த்தையும் திக்காது. 'க' என்று ஆரம்பித்தால் மட்டும் தொண்டையில் யாரோ ஷட்டரை இழுத்து மூடிவிடுவார்கள். ஹார்டுவேர் கடையில் என்னென்ன விற்கும் என்று யோசித்துப் பாருங்கள். கம்பி, கயிறு, கொக்கி, கொண்டி, கீல், கரணை. ஆண்டவன் என்னை ஒரு ஜவுளிக்கடைக்காரருக்குப் பிள்ளையாகப் பிறக்க வைத்திருக்கலாம். என் பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது.

திக்குவாய்க்காரர்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. வழியில் வம்பான வார்த்தை நிற்பது தூரத்திலேயே தெரிந்துவிடும், உடனே பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடுவோம். கயிறு என்று சொல்ல வராதா, ரோப். கம்பி வராதா, ராடு. பெயரைக் கேட்டால்? பெயருக்கு ஏது மாற்று? நான் கண்டுபிடித்தேன். "வேலு" என்று சொல்லிவிடுவேன். வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும் பெயர். போட்டோ ஸ்டுடியோவில் வேலு, பரோட்டா பார்சலுக்கு வேலு, புதிதாக வந்த தையல்காரரிடமும் வேலு. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்துத் தலையில் தொப்பியோடு போய் வேலு என்று சொல்லியிருக்கிறேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நம் ஜனங்கள் இந்த விஷயத்தில் தங்கமானவர்கள்.

ஒரு நாள் கடைக்கு என் வயதுக்காரன் ஒருவன் வந்தான். ஒல்லி உடம்பு, தோள் மட்டும் கதவு அகலம். கையில் துணிப்பை.

"இன்னா பாய், தையக்கடையில சொன்னாங்க. நீதான் வேலுவா?"

கல்லாவில் அத்தா உட்கார்ந்திருந்தார். நான் ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா?

"நானும் வேலுதான். இது உன் சட்டை. என்னுது உன் வூட்ல கீதா?"

அத்தா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ரொம்ப முக்கியமான வேலை இருப்பது போல ஆணியை எடை போட ஆரம்பித்தார். நான் நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். "க... க..." என்று நின்றது. இந்த இடத்தில் எல்லோரும் ஒரு உபகாரம் செய்வார்கள். நாம் சொல்ல வந்ததை அவர்களே முடித்து வைப்பார்கள். அதைவிட அவமானம் வேறு கிடையாது. இவன் முடிக்கவில்லை. பையைக் கவுண்டரில் வைத்துவிட்டு, நேரம் நிறைய இருக்கிறவன் போல நின்றான். நான் சொல்லி முடித்ததும், "சரி, பேர்தானே, வச்சிக்கோ" என்றான். அப்புறம் கடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அந்த அட்டைப்பொட்டியெல்லாம் தூக்கிப் போடுவியா பாய்?" என்று கேட்டான்.

வேலுவுக்குச் சொந்த ஊர் பக்கத்துச் செலியமேடு. கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். புதுச்சேரியில் கல்லூரி படித்தபோது வில்வித்தையில் மாட்டிக்கொண்டு, வேலை கிடைத்துப் போன ஒரு சீனியரிடமிருந்து பழைய வில் ஒன்றை வாங்கி வைத்திருந்தான். அம்பைத் தாங்குகிற இலக்கு வாங்க வசதியில்லை. அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, இறுக்கிக் கட்டினால் அதுவே இலக்கு. எங்கள் கடையில் அட்டைப்பெட்டிக்குக் குறைச்சலே இல்லை. ஸ்கூட்டரில் கட்டி எடுத்துக்கொண்டு போய் இறக்கினேன். இறக்கினவன் சும்மா வந்திருக்கலாம்.

அவர்கள் கரும்புக்கு நடுவே மோட்டார் கொட்டகைக்குப் போகிற வண்டிப்பாதை ஒன்று உண்டு. அதன் கோடியில், கொட்டகைச் சுவரில்தான் அட்டை. கரும்பு இடுப்பளவு இருந்தபோது நான் ஆரம்பித்தேன். முதல் மாதம் நாண் அடித்து அடித்து இடது முன்கை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியது. அட்டையைத் தவிர எல்லாவற்றிலும் என் அம்பு பட்டது. அந்த வருஷம் வெட்டுக்கு வந்தவர்கள் கரும்புக்குள்ளிருந்து அம்புகளைப் பொறுக்கி, விறகு மாதிரி கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "பாய், இதெல்லாம் உன்னுதுதானாமே" என்று ஒரு அம்மா கேட்டபோது வேலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

வில்லில் ஒரு சின்னத் தகடு இருக்கும். கிளிக்கர் என்பார்கள். அம்பு அதன் அடியில் கிடக்கும். நாணை முழுசாக இழுத்ததும் அம்பின் நுனி தகட்டைத் தாண்டி உள்ளே வந்துவிடும். தகடு வில்லில் பட்டு டிக் என்று கேட்கும். அதுதான் விட வேண்டிய நேரம். எனக்கோ டிக் கேட்ட பிறகும் விரல் திறக்காது. குறி சரியாக இருக்கிறதா, இன்னும் கொஞ்சம் இடதா என்று யோசித்துக்கொண்டே நிற்பேன். எனக்குப் பழகின சங்கதிதான் அது. 'க' வரும்போது தொண்டையில் வருகிற அதே பூட்டு.

"டிக்னா வுட்ருணும் பாய். நெனச்சியோ, போச்சி" என்பான் வேலு.

நினைக்காமல் இரு என்று சொன்னால் எப்படி இருப்பது? பல மாதம் முடியவில்லை. கரும்பு தலைக்கு மேல் வளர்ந்துவிட்ட ஒரு சாயங்காலம் அது தானாக நடந்தது. இருபுறமும் பச்சைச் சுவர், காற்றில் தோகைகள் உரசுகிற சத்தம், கொட்டகையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நாணை இழுத்தேன். மோட்டார் சத்தம் நின்றுவிட்டது. நிஜத்தில் நிற்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இலக்கின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டம் பெரிதாகத் தெரியும் என்றெல்லாம் கதை விடுவார்கள், அப்படி ஒன்றும் இல்லை. அது இருந்தபடியே இருந்தது, மற்றதெல்லாம் மரியாதையாகத் தள்ளி நின்றது. கல்லா, அத்தா, நாளைக்கு வருகிற சிமெண்ட் லோடு, எதுவும் இல்லை. நான் இழுத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. இழுபட்டது, டிக் என்றது, போனது. அடுத்த அம்பும் அப்படியே. அதற்கடுத்ததும்.

அப்போது என் புத்தி, "அடேயப்பா, வந்துவிட்டதே!" என்றது. அதோடு சரி. அடுத்த அம்பு கரும்புக்குள் போய்விட்டது. தூக்கம் வருவது போலத்தான் அது, வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் வராது. ஆனால் அது இருந்த அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து என் தலைக்குள் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்த ஒருவன் முதல் தடவையாக வாயை மூடியிருந்தான்.

அம்பு பிடுங்கப் போகும் வழியில் வேலுவிடம் சொன்னேன்: "கரும்பு நல்லா வளந்துட்டுச்சுடா, காத்து கூடத் தெரியல."

அவன் நின்றுவிட்டான். "பாய், இப்போ இன்னா சொன்ன? திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொல்லப் போனேன். "க... க..." அவ்வளவுதான். இருவரும் சிரித்தோம்.

அதன் பிறகு அந்த நிலை அவ்வப்போது வந்தது. வேலு அதற்கு "உள்ள போறது" என்று பெயர் வைத்தான். "இன்னைக்கு உள்ள போனியா பாய்?" என்று கடைக்குப் போன் செய்து கேட்பான். நான் என்னமோ யாருக்கும் தெரியாமல் சினிமாவுக்குப் போய்வருகிறேன் என்று அத்தா நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். வில்லியனூரில், பாத்திரக்கடைக் குடும்பம். நிச்சயம் ஆனதும் போனில் அவளிடம் என் திக்கலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சொல்வதற்குள்ளேயே அது தெரிந்துபோயிருக்கும். "எங்க வூட்ல எல்லாரும் மூச்சு வுடாம பேசறவங்க. ஒருத்தராவது நிதானமா பேசட்டும்" என்றாள். அந்த நிமிஷம் அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் பயம் போகவில்லை. நிக்காஹில் ஊர் ஜமாஅத் முன்னால் மாப்பிள்ளை வாயைத் திறந்து "கபூல்" என்று சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தம். அதுவும் மைக்கில். உலகத்தில் இத்தனை எழுத்து இருக்க, அந்த வார்த்தை எதில் ஆரம்பிக்கிறது பாருங்கள்.

நிக்காஹ் நடத்தி வைக்கும் ஹஜ்ரத் நல்ல மனுஷர். "தமிழ்லயே ஒப்புக்கொண்டேன்னு சொல்லுங்க தம்பி, அதுவும் செல்லும்" என்றார். சுலபமான வழிதான். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. கயிற்றுக்கு ரோப், பெயருக்கு வேலு, இப்போது இவளுக்கும் ஒரு பக்கத்துச் சந்தா? எத்தனையோ வார்த்தைகளுக்குப் பயந்து ஒதுங்கியவன், இந்த ஒன்றையாவது நேராகச் சொல்லி அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. கண்ணாடி முன் நின்று பழகினேன். பழகப் பழக மோசமாகியது.

"அந்த வார்த்தையத் தொடாத பாய். வில்ல மட்டும் புடி" என்றான் வேலு. கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுக்க அட்டைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு அம்பு விட்டேன். குறி பார்க்க ஒன்றும் இல்லாததால் டிக் சத்தமும் விரலும் மட்டுமே இருந்தன. வேலு ஒரு திட்டமும் போட்டான். நிக்காஹில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஹஜ்ரத் கேட்டதும் சட்டைப்பையிலிருக்கும் பேனாவை அழுத்துவான். டிக். நான் விட்டுவிட வேண்டும். அம்புக்குப் பதில் வார்த்தை.

அப்படியே உட்கார்ந்தான். தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, என்னைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டு, பேனாவைக் கையில் பிடித்தபடி. மண்டபம் நிறைந்திருந்தது. மின்விசிறிகள் கடகடத்தன, எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது, மைக் கூவியது. ஹஜ்ரத் ஓத வேண்டியதை ஓதி, கேட்க வேண்டியதைக் கேட்டு, மைக்கை என் பக்கம் திருப்பினார்.

டிக் வரவில்லை.

காத்திருந்தேன். என் தொண்டை மூடியிருந்தது. முன்வரிசையில் அத்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலு என்ன செய்கிறான் என்று திரும்பிப் பார்க்கவும் முடியாது. அந்தக் காத்திருப்பில் மின்விசிறிச் சத்தம் நின்றுபோனது. பிறகு குழந்தை. எனக்கு இந்த அமைதி தெரியும், கரும்புக்கு நடுவே பார்த்திருக்கிறேன். எல்லாம் தள்ளி நின்றது. எந்தச் சத்தமும் இல்லாமலே என் வலது கை விரல்கள் மடியில் மெதுவாகத் திறந்தன.

"கபூல்" என்று மைக்கில் ஒரு குரல் கேட்டது. யாருடையது என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அத்தா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவர் தோளுக்கு மேலாக வேலுவைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்திருந்தது.

"மன்னிச்சிக்கோடா பாய். நீ சொல்லுவியா மாட்டியான்னு உன் வாயையே பாத்துகினு இருந்துட்டேன். கை பூட்டிகிச்சு. பேனாவ அமுக்கவே இல்ல."

இதெல்லாம் நடந்து பல வருஷம் ஆகிவிட்டது. அந்த வண்டிப்பாதை இப்போது இல்லை, கரும்பு இருந்த இடத்தில் சவுக்கு போட்டிருக்கிறார்கள். வில் விரிசல் விட்டுவிட்டது. வேலு ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருக்கிறான், பிள்ளைகளுக்கு "நெனச்சியோ, போச்சி" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பான். வா பாய் என்று கூப்பிடுகிறான், நான்தான் தொப்பையைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த மழை விட்டதும் போக வேண்டும். திக்கல் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. அது வாடகை கொடுக்காத குடித்தனக்காரர் மாதிரி என்னோடுதான் இருக்கிறது. நான் சண்டை போடுவதை நிறுத்திவிட்டேன்.

கண்ணாடிக் கடைப் பெண் துணி கொண்டுவந்து கொடுத்து, நான் துடைத்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, மறுபடி கேட்டாள்: "பேர் சார்?" சொல்ல ஆரம்பித்தேன். முதல் எழுத்திலேயே நின்றது. நிற்கட்டும் என்று நானும் நின்றேன். பேனா காகிதத்தின் மேல் காத்திருந்தது. வந்தது, முழுசாக, என் அத்தா எனக்கு வைத்த பெயர். அவள் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பேண்டை மாற்றும்போது பீரோவின் அடித்தட்டில் அன்று வேலு கடைக்குக் கொண்டுவந்து கொடுத்த என் சட்டை கண்ணில் பட்டது. காலருக்குள் தையல்காரர் ஒட்டிய துணித்துண்டில் 'வேலு' என்று மங்கலாக இருந்தது. அந்தப் பெயரில் ஊரெல்லாம் பார்சல் வாங்கிக்கொண்டும் போட்டோ எடுத்துக்கொண்டும் திரிந்த அந்தப் பயந்த பையனை நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. ஆசைக்குச் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். எனக்கு அளவு பத்தவில்லை.