புதுப்புடவை விற்பதில்லை

காஞ்சிபுரத்தில் புடவை விற்காதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெளியூர்க்காரர் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், கோயிலைக் காட்டுவதற்கு முன்னால் புடவைக் கடையைக் காட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில், செவிலிமேட்டு வீட்டின் முன்னறையில், கிழிந்த பட்டுப்புடவைகளைச் சரிசெய்து கொடுக்கிற கடை எங்களுடையது. நானும் என் ஓர்ப்படியும் நடத்துகிறோம். ஓர்ப்படி என்றால் என் கொழுந்தனாரின் மனைவி. கை என்னுடையது, வாய் அவளுடையது.

வேலை என்னவோ எளிமையானதுதான். இடுப்பில் செருகுகிற முனை யார் கண்ணிலும் படாது. அங்கிருந்து இழைகளை உருவி, அதே புடவையின் ஓட்டையில் ஊசியால் நெய்துவிடுவோம். நிறம் தேடி அலைய வேண்டாம். ஆனால் என் ஓர்ப்படிக்கு இது போதவில்லை. போனில் வியாபார வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒரு நோக்கம் இருக்கணுமாம். நமக்கு இன்னா நோக்கம்?"

"கிழிஞ்சத சரி பண்றோம். அதுக்கு மேல இன்னாடி நோக்கம்?"

"அது வேலைக்கா. நோக்கம் வேற."

அடுத்த வாரமே அவள் நோக்கம் வந்து இறங்கியது. தெரிந்த கடையிலிருந்து பத்துப் பன்னிரண்டு புதுப்புடவைகளை விற்றுத் தர வாங்கி வந்து சுவர் முழுக்கத் தொங்கவிட்டாள். பட்டு என்றால் எல்லாமே நம்மிடம் கிடைக்க வேண்டுமாம். எனக்குப் பிடிக்கவில்லை, சொன்னேன். அவளிடம் பேசி ஜெயித்தவர் எங்கள் வீட்டில் இதுவரை யாருமில்லை.

ஒரு வியாழக்கிழமை ஒரு பெண் பிளாஸ்டிக் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். முகூர்த்தப் புடவையைக் கட்டிக்கொண்டு புருஷன் பைக்கில் போனபோது செயினில் கரை மாட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை நாத்தனாருக்கு வளைகாப்பு. அந்தப் புடவையைத்தான் கட்ட வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். அவரே பார்த்துப் பார்த்து எடுத்த புடவையாம்.

"அத்தைக்கு இன்னும் தெரியாதுக்கா. தெரிஞ்சா இன்னா நெனைப்பாங்கன்னு தூக்கமே வர்ல."

என் ஓர்ப்படி கவருக்குள் எட்டிப் பார்த்தாள். புடவையை வெளியே எடுக்கக்கூட இல்லை. "இது முடியாதும்மா. கிரீஸ் வேற ஏறிக்கினு இருக்குது. இதே கலர்ல ஒண்ணு மாட்டி வெச்சிருக்கேன் பாரு. அத்தைக்கு வித்தியாசமே தெரியாது."

அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அக்கா, நெஜமாவே முடியாதா? இல்ல, அத விக்கணும்னு சொல்றீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, அந்தப் பெண்மேல் இல்லை. சுவரில் அந்தப் புடவைகள் தொங்கும்வரை நாங்கள் உண்மையைச் சொன்னாலும் இப்படித்தான் கேட்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. புடவையை வாங்கி மடியில் விரித்தேன். செயின் கரையைக் கடித்திருந்ததே தவிர, முழுக்க அறுக்கவில்லை.

"முடியும்மா. உத்துப் பாத்தா தெரியும். நடந்து போனா தெரியாது."

அவள் போனதும் என் ஓர்ப்படி எழுந்து சுவர்ப்பக்கம் போனாள். ஒவ்வொரு புதுப்புடவையாகக் கழற்றி மடித்தாள். "கோவமாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "எனக்கும் என் மேலதான்," என்று சொல்லி, மூட்டையை ஸ்கூட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டாள்.

கரையில் முகப்பவுடரைத் தூவி வைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன். சனிக்கிழமை மாலை வேலை முடிந்தது. அந்தப் பெண் புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் புதுப் பலகையும் வந்துவிட்டது. 'இருக்கிற பட்டைக் காப்பாற்றித் தருவோம். புதுப்புடவை விற்பதில்லை' என்று என் ஓர்ப்படி எழுதி வாங்கியிருந்தாள். காஞ்சிபுரத்தில் இப்படி ஒரு பலகையா என்று ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள் போட்டோ எடுத்துச் சிரித்தார்கள்.

வளைகாப்பு முடிந்த வாரத்தில் அந்தப் பெண் மறுபடி வந்தாள். கூடவே மாமியார். எங்கள் இருவருக்கும் பகீரென்றது.

"பந்தியிலயே கரைய பாத்துட்டேன்," என்றார் மாமியார். "நான் எடுத்த பொடவை, எனக்கா தெரியாது? இதுக்குப் போய் பயந்துக்கினு இருந்திருக்குது, பைத்தியம்." மருமகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவர் பையிலிருந்து தன் கல்யாணப் புடவையை எடுத்து நீட்டினார். மடித்த மடிப்பிலெல்லாம் பட்டு இற்று விட்டுப்போயிருந்தது.

இந்த முறை என் ஓர்ப்படி முழுப் புடவையையும் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் முழம் முழமாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கொடுத்தாள். நானும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினேன்.

"முடியாதும்மா," என்றாள் அவள். "ஊசி வெச்சா பக்கத்துலயே விட்டுக்கினு போவும்."

அந்த அம்மா புடவையை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எல்லா கடையிலயும் இதையேதான் சொன்னாங்க, நான் நம்பல. நீங்க சொன்னா நம்பறேன். உங்ககிட்டதான் விக்கறதுக்கு ஒண்ணும் இல்லியே."