நாத்தனாரோடு ஒரு ஆட்டம்

அவள் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். கணவனின் அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை. அந்த நாத்தனாரின் புது வீட்டுக்கு அவள் தைத்த திரைகள் தரையைத் தொடாமல் நாலு விரற்கடை மேலேயே நின்றுவிட்டன. வெட்டியவள் மேல் தப்பு என்றாள் நாத்தனார். அளவெடுத்துக் கொடுத்தவர் மேல்தான் என்றாள் இவள். அன்றோடு பேச்சு நின்றது. "அக்கா உன்னை விசாரிச்சாங்க" என்று கணவன் அவ்வப்போது சொல்லிப் பார்ப்பான். விசாரித்திருக்க மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும்.

பெண்களுக்கான சதுரங்கப் போட்டிக்கு இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் பெயர் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது சுற்றில் எதிரெதிரே உட்கார நேர்ந்தது. ஆட்டத்துக்கு முன் கை குலுக்க வேண்டும் என்பதால் குலுக்கினார்கள்.

இருவருக்கும் ஆட்டம் சொல்லிக் கொடுத்தவன் அதே கணவன்தான். ஆட்டத்தைத் தொடங்கும் முறைகளில் அவனுக்குத் தெரிந்தது இத்தாலியன் என்கிற ஒரே ஓப்பனிங். ராஜாவின் சிப்பாய், குதிரை, மந்திரி என்று இரண்டு பக்கமும் மனப்பாடமாக மடமடவென்று நகர்ந்தன. பிறகு சட்டென்று நின்றன. அவன் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். இருவரும் நிமிர்ந்து, பார்வையாளர் வரிசையில் இருந்த அவனைப் பார்த்தார்கள். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

அதற்குமேல் சொந்த புத்தி. வெட்டுக்கு முதலில் கை நீட்ட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. காய்கள் நெரிசலில் மாட்டிக்கொண்ட மாதிரி நின்றன. சமன் செய்துகொள்ளலாமா என்று வாயால்தான் கேட்க வேண்டும். அவள் காயை நகர்த்திவிட்டுக் கேட்டாள்.

"டிரா வச்சுக்கலாமா அண்ணி?"

நாத்தனார் பலகையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வேண்டாம். ஆடு."

மறுப்பாக இருந்தாலும் பேச்சு பேச்சுதானே என்று இவள் நினைத்துக்கொண்டாள். நாத்தனார் தன் யானையை நகர்த்தி இவளுடைய மந்திரியின் வழியில் வைத்தாள். ஏதாவது பொறியா என்று இவள் இரண்டு முறை சரிபார்த்தாள். பொறி இல்லை. உறவு வேறு, யானை வேறு. வெட்டினாள். நாத்தனார் விடாமல் இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினாள்.

வெளியே படிக்கட்டில் இவளுக்காகக் காத்திருந்தாள்.

"உன் மந்திரியை நான் பாக்கவே இல்ல."

"எனக்கும் முதல்ல தெரியல அண்ணி" என்றாள் இவள். அது பொய்.

உள்ளே போய் ஒரு காலிப் பலகையில் ஆட்டத்தை மறுபடி அடுக்கினார்கள். யானை வேறு எங்கே போயிருக்கலாம் என்று சாயங்காலம்வரை பேசினார்கள். வேறெதையும் பேசவில்லை. கணவன் டீ வாங்கி வந்து நின்றான். உட்காரச் சொல்ல ஆளில்லை.

"ஏண்டா, உனக்கு வேற ஓப்பனிங்கே தெரியாதா?" என்றாள் அக்கா.

"நானும் எத்தனை தடவை கேட்டிருக்கேன் அண்ணி" என்றாள் மனைவி.

தெரியாது என்று அவன் இருவருக்கும் பொதுவாகச் சொன்னான்.